ஜெராக்ஸுக்கு லேமினேஷன்

சென்ற வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைக் கையில் திணித்தார். "டி.எம்.எஸ். பாட்டு ஐந்நூறு. எல்லாம் லாஸ்லெஸ் சார், ஃப்ளாக்! ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருக்கும்."

நம்ம மதுரையில் பிறந்த குரல் அல்லவா? விளாங்குடிக்கு வந்ததும் முதல் வேலையாகப் போட்டேன். மூன்றாவது பாட்டின் கடைசியில், இசை தேய்கிற இடத்தில், ஓர் அறிவிப்பாளரின் குரல் அரை வார்த்தையோடு வெட்டுப்பட்டது. யாரோ ரேடியோவிலிருந்து டேப்பில் பிடித்த பாட்டு! அது எம்பி3 ஆகி, பல கை மாறி, இப்போது ஃப்ளாக் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

பத்திரப் பதிவுத் துறையில் 31 வருடம் இருந்தவன் நான். மூலப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு, ஜெராக்ஸின் ஜெராக்ஸுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டு வருவார்கள். பளபளவென்றுதான் இருக்கும்.

சி.டி.யில் ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எழுதியிருக்கிறார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க, பெரிய சத்தத்துக்கு அடியில் மறைகிற சின்னச் சத்தங்களை எம்பி3 கழித்துவிடும். நாலு நிமிடப் பாட்டு 40 எம்பியிலிருந்து 4 எம்பி ஆகும். 2001-ல் வந்த ஃப்ளாக் எதையும் கழிக்காது. வேட்டியை மடிப்பதுபோல் மடித்து வைக்கும், பிரித்தால் முழுசாகக் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே கழித்ததை அதில் போட்டால், போனது எங்கிருந்து வரும்? ஃபைல்தான் ஊதிப்போகும்.

நண்பரிடம் சொன்னேன். "உமக்கும் எனக்கும் இருக்கிற காதுக்கு அந்த வித்தியாசம் கேட்குமாய்யா?" என்றார். கேட்காது, ஒப்புக்கொள்கிறேன். எம்பி3 கேட்பவரோடு எனக்குச் சண்டையும் இல்லை, நானும் அதைத்தான் தினமும் கேட்கிறேன். சண்டை, பொய்ப் பெயர் வைப்பதில். நாளைக்கு ஒருவர் கீறல் சத்தத்தை நீக்கிச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால், அவருக்கு முழுசாக ஒரு பிரதி வேண்டும். 'அதுதான் ஏற்கெனவே லாஸ்லெஸ்ஸில் இருக்கிறதே' என்று நினைத்துவிட்டால் நிஜத் தட்டை யார் தேடப் போகிறார்கள்? (1960-களின் மோனோ பாட்டைப் போலி ஸ்டீரியோ ஆக்கி, தெப்பக்குளத்துக்குள் நின்று பாடுவதுபோல் எதிரொலி சேர்ப்பவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு பி.பி. ஏறும்.)

தட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் காலமானதும் அவருடைய இசைத்தட்டுகள் ஒரு சாக்கு நிறைய பழைய இரும்புக் கடைக்குப் போயின. பலவும் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள், கீழே விழுந்தாலே உடைந்துவிடும். அப்போது நான் வெளியூரில் இருந்ததாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஊரில்தான் இருந்தேன். வேண்டுமென்று கேட்கத் தோன்றவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் பரணில் தட்டு இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஃப்ளாக்கில் ஏற்றுகிறவர்கள், எந்தத் தட்டு, என்ன நம்பர், சி.டி.யா கேசட்டா என்று கூடவே எழுதுங்கள். ரேடியோவில் பிடித்தது என்றால் அதையும் எழுதுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது பாட்டை மட்டும் நகலெடுத்து, 'ரேடியோ, டேப், எம்பி3' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன். அந்த அரை வார்த்தை அறிவிப்பாளர் யாரென்று கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.