சாயத்துக்கு எழுதும் முகவரி

மியூனிக் நகரின் மருத்துவ மாணவர் ஆஸ்கர் ராப் 1900இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முரண்பாட்டிலிருந்து தொடங்கியது. அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரில் பாரமீசியங்கள் ஒருநாள் விரைவாக மடிந்தன. அதே அளவு சாயத்தில் இன்னொரு நாள் நெடுநேரம் உயிர்த்திருந்தன. வேறுபாடு சாயத்தில் இல்லை, அறையின் வெளிச்சத்தில் இருந்தது. பின்னர் பெனிசிலின் வந்தது. சாயத்தைப் பெரும்பாலோர் மறந்தனர். நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தோற்றுவரும் இக்காலத்தில் அதை மீண்டும் தேடிச் செல்கிறோம்.

ஒளிபட்ட சாயம் அருகிலுள்ள ஆக்ஸிஜனுக்குத் தன் ஆற்றலைக் கைமாற்றுகிறது. கிளர்ந்த அந்த ஆக்ஸிஜன் நீரில் சில மைக்ரோ நொடிகளே வாழும். அதற்குள் புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. என அகப்பட்டதையெல்லாம் சிதைக்கும். ஒரே ஓர் இலக்கைத் தாக்காததால் கிருமிகள் இதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்வது கடினம் என்பார்கள். உண்மைதான். ஆனால் புண்ணில் நம் உயிரணுக்களும் இருக்கின்றன, நமக்குத் தீங்கு செய்யாத பாக்டீரியாக்களும் இருக்கின்றன. கண்மூடித் தாக்குவதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சாயம் எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் சேதம். ஆகவே எல்லாம் முகவரியைப் பொறுத்தது.

2002இல் லண்டன் ஆய்வாளர்கள் எதிர்ப்பொருளோடு சாயத்தைப் பிணைத்து, மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸை நோக்கி அனுப்பினர். 2009இல் பாஸ்டனில் செய்தது இன்னும் சாமர்த்தியம். பெனிசிலினைக் கிருமி எந்த நொதியால் உடைக்கிறதோ, அதே நொதி வெட்டக்கூடிய இணைப்பில் இரு சாய மூலக்கூறுகளைக் கோத்தனர். நெருங்கியிருக்கும்வரை அவை ஒன்றையொன்று அணைத்துவைக்கும். கிருமி வெட்டியதும் பிரிந்து விழித்துக்கொள்ளும். கிருமியின் ஆயுதமே அதற்கு எமனாகிறது. புராணத்தில் வந்தால் நம்ப மறுப்போம்!

எனக்கு உறுத்துவது இங்கேதான். அந்த நொதி இல்லாத கிருமி தப்பிவிடும். எதிர்ப்பொருள் தேடும் அடையாளத்தை மாற்றிக்கொண்டதும் தப்பிவிடும். முகவரியைக் கூர்மையாக்கும் அளவுக்கு, மூடியிருந்த தப்பும் வழியை நாமே திறந்துவிடுகிறோம். மாறாக, பாக்டீரியாவின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் சாயங்கள் அதில் ஒட்டும், கிராம்-நெகட்டிவ் வகையின் புறச்சவ்வையும் கடக்கும். கரடுமுரடான முகவரிதான். ஆயினும் விளக்கைப் புண்ணின்மேல் மட்டும் பிடிப்பது இரண்டாவது முகவரியாகிறது. ஈறு நோய்ச் சிகிச்சையில் மெத்திலீன் புளூ இவ்வாறே பயன்படுகிறது. நான் இதன் பக்கமே சாய்கிறேன்.

குருதியில் பரவிவிட்ட தொற்றுக்கும் இதுவே மாற்று என்று உற்சாகத்தில் எழுதுபவர்களிடம் ஒன்று கேட்கலாம்: விளக்கை எங்கே பிடிப்பீர்கள்?