நோட்டீசில் இல்லாத சர்வே எண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஜி.எஸ்.டி. சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் நம் கையில் ஒரு மனை நோட்டீஸ் வந்து விழும். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம், சுவையான குடிநீர், முப்பது அடி தார்ச்சாலை, இலவச வேன் வசதி, மதிய உணவு, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு. கூடுவாஞ்சேரியிலிருந்து மதுராந்தகம் வரை இதே வரிகள்தான். ஊர்ப் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டும் மாறும்.

இப்போது அந்த நோட்டீஸ் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. மனை விற்பவர்கள் இன்று வெறும் விளம்பரம் செய்வதில்லை, பாடம் நடத்துகிறார்கள். ‘மனை வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை’, ‘பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்’, ‘வங்கிக் கடன் எளிதில் கிடைக்க வழி’ என்று எழுதுகிறார்கள், பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். படிக்கிறவருக்கு இவர் விவரம் தெரிந்தவர், நல்லவர் என்ற நம்பிக்கை வருகிறது. பத்து நல்ல அறிவுரைக்குப் பிறகு பதினொன்றாவதாக அவருடைய மனை வருகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. வியாபாரி தனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லி வியாபாரம் செய்வது ஏமாற்றி விற்பதை விட நல்லதுதான்.

ஆனால் அந்த அறிவுரைகளில் எது இருக்கிறது என்பதைப் போலவே எது இல்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். இரண்டு செய்திகளை அவர்கள் எழுதுவதே இல்லை. ஒன்று, யாருக்கு விற்பார்கள் என்பது. மற்றொன்று, அந்த நிலம் முதலில் யாருடையது என்பது.

முதல் செய்தியை நாம் நேரிலேயே கண்டோம். நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர், தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் சேர்த்திருந்தார். நோட்டீசில் இருந்த எண்ணுக்கு நம் எதிரிலேயே பேசினார். தரகர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “சாலை பார்த்த மனை ரெண்டு இருக்கு சார், நாளைக்கே வாங்க” என்றார். பிறகு, “சாருக்கு எந்த ஊரு?” என்றார். தம்பி ஊர்ப் பெயரைச் சொன்னார். “ஊர்லயா, காலனியா சார்?” என்ற கேள்வி வந்தது. தம்பி மறைக்காமல் பதில் சொன்னார். சாலை பார்த்த மனை இரண்டும் அந்த நிமிடமே விற்றுப்போய்விட்டன. “பின்பக்கம் ஏரிக்கரை ஓரமா ஒண்ணு இருக்கு, உங்களுக்கு அது சரியா இருக்கும்” என்றார் தரகர். இரண்டு நாள் கழித்து ஊர்த்தெருவைச் சேர்ந்த நம் நண்பர் ஒருவரை விட்டுக் கேட்கச் சொன்னோம். சாலை பார்த்த மனைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

1917-இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மனிதர் அன்று பொதுத்தோட்டத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நூறு ஆண்டு கடந்துவிட்டது. தடி இல்லை, அதன் இடத்தில் ‘சார்’ இருக்கிறது. இடம் இல்லை என்ற பதில் மட்டும் மாறவில்லை.

இதைச் சட்டம் தடுக்காதா என்று தம்பி கேட்டார். நேர்மையாகச் சொன்னால், முழுவதும் தடுக்காது. அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு அரசு சாதி பார்க்கக் கூடாது என்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், பொதுவழி ஆகியவற்றில் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தனியார் ஒருவர் தம் மனையை யாருக்கு விற்பது என்பதை அது நேரடியாகச் சொல்லவில்லை. குஜராத்தில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வாங்குபவரின் பணத்தைக் காக்கிறது. சாதி பார்த்து மனை மறுக்கக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. ‘சைவர்களுக்கு மட்டும்’, ‘பாரம்பரிய அக்ரஹார அமைப்பில்’, ‘ஒரே மாதிரியான குடும்பங்கள் வாழும் சூழல்’ என்று விளம்பரம் எழுதுகிறவர்களின் துணிச்சலுக்கு இதுதான் காரணம். சாதிப் பெயரை எழுதாமலே சாதியைச் சொல்லிவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. அது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

1891-இல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரெமென்கீர் ஓர் அறிக்கை எழுதினார். உழுகிற மக்களுக்குக் காணி நிலம் இல்லை, குடியிருக்கும் குடிசைக்கு அடியில் உள்ள மண்ணும் அவர்களுடையது இல்லை, நிலம் கொடுத்தால்தான் விடிவு என்று சென்னை மாகாண அரசுக்குச் சொன்னார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் அரசாணை 1010 வந்தது. அப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குள்தான் கைமாற வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறியது. ஒரு மூட்டை நெல்லுக்கும், ஒரு கல்யாணக் கடனுக்கும், மருத்துவச் செலவுக்கும் கைநாட்டு வாங்கிக்கொண்டு நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். 1980-களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தபோது, பல இடங்களில் அன்று யார் கையில் நிலம் இருந்ததோ அவர் பெயருக்கே பட்டா ஏறியது. பழைய பதிவேட்டில் இருந்த பஞ்சமி என்ற குறிப்பு புதிய பதிவேட்டில் காணாமல் போனது. காரணை நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் நம் மக்கள் திரண்டபோது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நாம் மாலை போடுகிறோம். மாலை போட்டுவிட்டுத் திரும்புகிற வழியெல்லாம் கொடி கட்டிய மனைப்பிரிவுகள்.

மனை விற்பவரின் அறிவுரை இங்கேதான் ஓட்டையாக இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று பாருங்கள் என்கிறார். சரியான அறிவுரைதான், ஆனால் போதாத அறிவுரை. முப்பது ஆண்டுச் சான்று 1990-களோடு நின்றுவிடும். 1950-களில் கடனுக்குப் பறிபோன பஞ்சமி நிலம் அதில் எப்படித் தெரியும்? பட்டா இருக்கிறது என்கிறார். தவறான ஆள் பெயரில் ஏறிய பட்டாவும் பட்டாதான். பழைய ‘அ’ பதிவேட்டையும், அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பாருங்கள் என்று எந்த மனை வியாபாரியும் எழுதி நாம் பார்த்ததில்லை. எழுதினால் பல மனைப்பிரிவுகளின் முகப்பு வளைவே இடிந்து விழும்.

இது நம் மக்களின் பிரச்சினை மட்டும் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டாம். பஞ்சமி நிலம் என்று நாளை தெரியவந்தால், சேமிப்பையெல்லாம் போட்டு அங்கே வீடு கட்டியவரும் தெருவில் நிற்பார். அவர் எந்தச் சாதியானாலும் சரி. நிலத்தை இழந்த குடும்பமும் ஏமாற்றப்பட்டது, மனை வாங்கிய குடும்பமும் ஏமாற்றப்பட்டது. நடுவில் கமிஷன் வாங்கியவர் அடுத்த மனைப்பிரிவுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் சட்டம் நம் கையில் கொஞ்சம் பலம் தந்திருக்கிறது. 2016 சட்டப்படி ‘விளம்பரம்’ என்றால் எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும் விளம்பரம்தான். அச்சடித்த நோட்டீஸும், கைப்பேசியில் வரும் காணொளியும் ஒன்றுதான். பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவர் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நில உரிமையில் குறை இருந்து நட்டம் வந்தால் விற்ற நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அதைக் கேட்பதற்குக் காலவரம்பு தடையாக இருக்காது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைச் சட்டவிரோதமாக ஆக்கிரமிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத சிறு மனைப்பிரிவுகளுக்கு ஆணையத்தில் பதிவு தேவையில்லை. கிராமத்தில் நாலு மனை, ஐந்து மனை என்று பிரித்து விற்பவை இந்தச் சந்தில்தான் நுழைகின்றன. அங்கே நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. மனை விளம்பரம் எந்த வடிவில் வந்தாலும் ஆணையப் பதிவு எண்ணோடு சர்வே எண்ணும், பழைய பதிவேட்டில் அந்த நிலத்தின் வகைப்பாடும் இருக்க வேண்டும். சர்வே எண் இருந்தால் படிப்பறிவுள்ள எந்தப் பிள்ளையும் அரை நாளில் சரிபார்த்துவிடும். அடுத்து, கிராமவாரியாகப் பஞ்சமி நிலங்களின் பட்டியலை, மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேடுகளின் அடிப்படையில் தயாரித்து எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் கணினியில் அந்த எண்கள் பூட்டப்பட வேண்டும். மூன்றாவதாக, சாதியைக் கேட்டு மனை மறுப்பதையும், சாதியைச் சுட்டும் சொற்களால் விளம்பரம் செய்வதையும் முறையற்ற வணிக நடைமுறை என்று விதி செய்து, அப்படிச் செய்யும் தரகரின் பதிவை நிறுத்திவைக்க வேண்டும்.

நம் இளைஞர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலுக்கு நம் பிள்ளைகள் பலர் வந்துவிட்டார்கள். வேன் ஓட்டுகிறார்கள், இடம் காட்டுகிறார்கள், விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதே நோட்டீசை, அதே வரிகளோடு நாமும் கொடுத்துக்கொண்டிருந்தால் நாம் தொழிலுக்கு வந்ததில் யாருக்கு என்ன பயன்? எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பேசத் தெரிந்தவர்கள் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். பழைய ‘அ’ பதிவேட்டின் நகலுக்கு எப்படி மனுப் போடுவது, வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது, ஆணையத்தின் பதிவு எண்ணை எங்கே சரிபார்ப்பது என்று ஊர் மக்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். தாத்தா பெயரில் இருந்த நிலத்தின் எண் என்ன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்த மனையை நான் விற்கிறேன், இதன் சர்வே எண் இது, பழைய பதிவேட்டில் பார்த்துவிட்டேன், யார் வந்தாலும் விற்பேன் என்று எழுதுகிற தரகர் ஒருவர் வந்தால், அவரை நம்பி எல்லாச் சாதிக்காரரும் வருவார்கள். நேர்மைக்கும் இந்தச் சந்தையில் விலை உண்டு.

அந்தத் தம்பி ஏரிக்கரை மனையை வாங்கவில்லை. நோட்டீசில் சர்வே எண் இல்லாததால், வேனில் கூட்டிப்போன இடத்தின் எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்கி, பழைய பதிவேட்டு நகலுக்கு மனுக் கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. முன்பணம் பத்திரமாக இருக்கிறது. நகை மட்டும் அடகில் இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கேட்ட தாளை ஒரு வாரத்தில் கையில் கொடுத்தால் அந்த வட்டியாவது அவருக்கு மிஞ்சும்.