எண்ணிப் பார்த்தார்கள், கேட்டுப் பார்க்கவில்லை

ஜெஃப் பெக் 2023 ஜனவரி 10 அன்று இறந்தார். வயது 78. பாக்டீரியாவால் வந்த மூளைக்காய்ச்சல். திடீரென்று வந்து ஆளையே கொண்டுபோய்விட்டது. அதற்கு முந்தைய நவம்பர் வரை அமெரிக்காவில் ஊர் ஊராக மேடையேறி வாசித்துக்கொண்டிருந்த மனிதர். மறுநாள்தான் செய்தி வெளியானது. நம் ஊரில் அது பொங்கல் வாரம், ‘துணிவு’ம் ‘வாரிசு’ம் ஒரே நாளில் திரைக்கு வந்த நேரம். அந்த ஆரவாரத்தில் ஓர் இங்கிலாந்துக் கிட்டார்காரரின் சாவு இங்கே யார் காதிலும் விழாமல் போயிருந்தால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரை நன்றாக அறிந்த ஊர்க்காரர்கள், அரை நூற்றாண்டாக அவர் வாசிப்பைக் கேட்டவர்கள், எழுதிய அஞ்சலிகளைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. இன்னும் ஆறவில்லை.

ஆங்கிலத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அப்போது படித்தேன். பெரும்பாலானவை ஒரே தடத்தில் ஓடின. யார்ட்பேர்ட்ஸ் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு 1965-இல் வந்தவர். ஜிம்மி பேஜின் இளமைக்கால நண்பர். கிளாப்டன் அளவுக்குப் பெயர் எடுக்காதவர். பேஜைப் போல உலகத்தையே கட்டி ஆளுகிற குழு ஒன்றை அமைக்காதவர். படித்துக்கொண்டே போனால், செத்தவர் யார் என்றே சந்தேகம் வந்துவிடும். ஒருவர் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு, பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர்களின் சொத்துக்கணக்கை வாசித்தால் எப்படி இருக்கும்?

மீதிப் பாதியில் விருதுக் கணக்கு. கிராமி 8. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு முறை: 1992-இல் யார்ட்பேர்ட்ஸோடு, 2009-இல் தனியாக. ரோலிங் ஸ்டோன் இதழின் சிறந்த கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் 5-ஆம் இடம். எல்லாம் உண்மைதான். ஆனால் இதைப் படித்து முடிக்கிற ஒருவருக்கு அந்த மனிதரின் கிட்டார் எப்படி ஒலிக்கும் என்று கடுகளவாவது தெரியுமா?

‘ஹிட்’ விஷயம் அதைவிட மோசம். 1967-இல் ‘ஹை ஹோ சில்வர் லைனிங்’ என்று ஒரு பாட்டு. தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட்டின் நெருக்குதலில் பெக்கே பாடியது. பிரிட்டனில் 14-ஆம் இடம்வரை போனது. கால்பந்து மைதானங்களில் கூட்டம் சேர்ந்து பாடும் பாட்டாகி, கடைசிவரை அவர் பெயரை விட்டு அகலவில்லை. அவருக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. அதைப் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார். அதே இசைத்தட்டைத் திருப்பிப் போட்டால் ‘பெக்ஸ் பொலேரோ’ இருக்கிறது. 1966 மே மாதம் பதிவானது. கூட வாசித்தவர்கள் ஜிம்மி பேஜ், ஜான் பால் ஜோன்ஸ், நிக்கி ஹாப்கின்ஸ், தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன். பின்னாளில் கனத்த ராக் என்று உலகம் கொண்டாடிய ஓசையின் முளை அந்தச் சில நிமிஷங்களில் தெரிகிறது. தட்டின் முதல் பக்கத்தை மட்டும் வைத்து ஒருவரை நினைவுகூர்வது என்ன நியாயம்?

அவருக்குக் கைநழுவிப்போனவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 1968-இல் ‘ட்ரூத்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதிகம் அறியப்படாதிருந்த ராட் ஸ்டூவர்ட் பாட, ரான் வுட் பேஸ் வாசித்தார். ப்ளூஸை உருப்பெருக்கி, முறுக்கி, அதிர அடித்த வேலை. பேஜின் லெட் செப்பலின் குழுவுடைய முதல் ஆல்பம் வந்தது அடுத்த வருஷம். ‘யூ ஷூக் மீ’ என்ற பழைய ப்ளூஸ் பாட்டு இரண்டிலுமே உண்டு. முந்தியது யார் என்பதைத் தேதியே சொல்கிறது. புகழ் போனது வேறு திசையில். 1972-இல் ஸ்டீவி வொண்டருடன் ஸ்டூடியோவில் இருந்தபோது பெக் டிரம்ஸில் உட்கார்ந்து ஒரு தாளம் போட, அதிலிருந்து பிறந்ததுதான் ‘சூப்பர்ஸ்டிஷன்’ என்று சொல்வார்கள். பாட்டு பெக்குக்குப் போவதாக இருந்தது. வொண்டரின் பதிவு முந்திக்கொண்டு வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

அவர் மேல் குற்றமே இல்லை என்று வாதாட வரவில்லை. 1969-இல் வுட்ஸ்டாக் விழாவில் வாசிக்க வேண்டிய குழுவை அதற்குச் சற்று முன்புதான் கலைத்தார். யாரோடும் நீண்டநாள் ஒட்டவில்லை. முன்கோபம் உண்டு. பாதியில் எழுந்துபோவதும் உண்டு. மேடையைவிட, கிழக்கு சசெக்ஸ் வீட்டில் பழைய கார்களைப் பிரித்து, பற்றவைத்து, ஹாட் ராடாகக் கட்டிக்கொண்டிருப்பது அவருக்கு இன்னும் பிடித்திருந்தது. ஆனால் இதையெல்லாம் ‘அவர் தொடாமல் விட்ட உயரங்கள்’ என்று எழுதுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போன உயரம் வேறு. அதைப் பார்க்க இவர்கள் அண்ணாந்தே பார்க்கவில்லை.

அந்த உயரம் எது என்று ஒரே ஒரு இசைத்துண்டை வைத்துச் சொல்கிறேன். 1989-இல் வந்த ‘கிட்டார் ஷாப்’ ஆல்பத்தில் ‘வேர் வேர் யூ’ என்று ஒன்று. மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். டிரம்ஸ் கிடையாது, டோனி ஹைமஸின் கீபோர்டு பின்னால் மெல்லிய திரைபோல் நிற்கும், அவ்வளவுதான். பல்கேரியப் பெண்களின் சேர்ந்திசையைக் கேட்டு அதில் கிறங்கிப்போய்ச் செய்தது. 80-களிலேயே அவர் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார். கட்டைவிரலும் மற்ற விரல்களும் நேராகத் தந்தியில். சுண்டுவிரல் வால்யூம் குமிழில். அதே கையின் பிடியில் வாமி பார் எனப்படும் கம்பி.

இதில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இடது கை தந்தியை அழுத்துவதில்லை, சும்மா தொடுகிறது, ஹார்மோனிக்ஸ் எழுகிறது. வால்யூம் அப்போது தாழ்ந்திருக்கும். தந்தியைச் சுண்டிய பிறகு சுண்டுவிரல் குமிழை மெதுவாகத் திருப்ப, சுண்டிய சத்தம் இல்லாமல் ஸ்வரம் மட்டும் மூச்சுப்போல் எழுகிறது. அது எழும்போதே கம்பியை இம்மி இம்மியாக அசைத்து அடுத்த ஸ்வரத்துக்கும் அதற்கடுத்ததற்கும் நகர்த்துகிறார். கம்பியை அசைத்தால் தந்திகள் இறுகும் அல்லது தளரும். சுருதி எங்கே போய் நிற்க வேண்டும் என்று காட்ட ஃபிரெட் எதுவும் உதவாது. காது ஒன்றுதான் துணை. ஃபிரெட்டுகள் இல்லாத கோட்டுவாத்தியத்தில் உருளையைத் தள்ளிச் சுருதி பிடிப்பவர் படும் பாடு நமக்குத் தெரியும். இங்கே இவர் அதை, பெரும்பாலான ராக் வாத்தியக்காரர்கள் கிட்டாரை அலற வைக்க மட்டுமே பயன்படுத்திய ஒரு கம்பியால் செய்கிறார். ஒரு இழை பிசகினால் மொத்தமும் அபஸ்வரம். பிசகுவதில்லை. மனிதக் குரல் அழுதுவிட்டு அடங்குகிற மாதிரி அந்தக் கடைசி ஸ்வரம் அடங்கும்.

நிதின் சாஹ்னியின் ‘நாடியா’ என்ற பாட்டையும் அவர் கிட்டாரில் வாசித்திருக்கிறார், 2001-இல். இந்துஸ்தானிக் குரலுக்காக இழைத்த மெட்டு; வளைவும் குழைவுமாகப் போவது. நம் காதுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. கமகம் கேட்டுப் பழகியவருக்கு அரை நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

இந்தக் கையைப் பற்றி எத்தனை அஞ்சலியில் எழுதினார்கள்? ‘அற்புதமான தொனி’ என்ற ஒரு வரி. அத்தோடு சரி. அடுத்த வரியில் மறுபடியும் கிளாப்டன்.

எழுதுகிறவர்கள் மட்டுமில்லை. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். நல்ல வித்வத் உள்ளவர். பெக் போய்விட்டார் என்று சொன்னேன். போனில் தேடி ஏதோ ஒரு துண்டைப் பார்த்தார். இருபது விநாடி இருக்கும், தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா ஸ்பீடா ஒண்ணும் வாசிக்கலையே?” என்றார். அவரைக் கடிந்து என்ன பயன்? அவரிடம் படிக்க வருகிற பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். ஒரு விநாடிக்கு எத்தனை ஸ்வரம் என்பது அவர்களுக்கு ஒரு பந்தயம். ஒரே ஸ்வரத்தை எத்தனை விதமாகப் பேச வைக்கலாம் என்று ஐம்பது வருஷம் மல்லுக்கட்டியவரை அந்தப் பந்தயத்தில் நிறுத்தினால் கடைசியாகத்தான் வருவார்.

பெண் கலைஞர்களை அவர் நடத்திய விதத்தையும் அஞ்சலிகளில் போகிறபோக்கில் சொல்லிவிட்டார்கள். ஜெனிஃபர் பேட்டன், ரோண்டா ஸ்மித், கார்மன் வாண்டன்பெர்க், 2022 சுற்றுப்பயணத்தில் டிரம்ஸ் வாசித்த அனிகா நில்லெஸ் என்று பெண்களை மேடையில் தன் பக்கத்தில் நிறுத்தினார், அழகுக்காக இல்லை, வாசிப்பதற்காக. 2007-இல் லண்டன் ரான்னி ஸ்காட்ஸ் அரங்கில் எடுத்த காணொளியைப் பாருங்கள். இருபது வயது டால் வில்கன்ஃபெல்ட் பேஸில் தனியாவர்த்தனம் வாசிக்கும்போது அறுபதைக் கடந்த அந்த மனிதரின் முகத்தில் எவ்வளவு பெருமை! ராக் உலகத்தில் அந்த வயதிலும் அந்தஸ்திலும் இருக்கிற எத்தனை பேர் இப்படி இடம் விட்டிருக்கிறார்கள்?

அதற்குப் பதிலாக அஞ்சலி எழுதியவர்களுக்குக் கிடைத்தது நடிகர் ஜானி டெப். 2022 மே மாதக் கடைசியில் ஷெஃபீல்ட் மேடையில் பெக்கோடு வந்து டெப் பாடினார். அமெரிக்காவில் அவருடைய அவதூறு வழக்கில் ஜூரியின் முடிவுக்காகக் காத்திருந்த நேரம். அன்றிலிருந்து பெக்கின் கச்சேரிச் செய்தி எல்லாமே டெப் செய்தியாகிப் போனது. ஜூலையில் இருவரும் சேர்ந்து ‘18’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அது பெக்கின் சிறந்த வேலை இல்லை என்பதே என் கணிப்பு. ஆனால் அறுபது வருஷ வாசிப்புக்கு அஞ்சலி எழுதும்போது, கடைசி ஏழெட்டு மாதத்தில் பக்கத்தில் நின்ற நடிகருக்கு ஒரு பத்தி கொடுப்பதா?

கடைசியாக ஏலம். 2025 ஜனவரி 22 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அவருடைய கிட்டார்களையும் கருவிகளையும் விற்றது. மொத்தம் சுமார் 87 லட்சம் பவுண்டு. 1954-ஆம் வருஷத்து லெஸ் பால் ஒன்று, ‘ஆக்ஸ்ப்ளட்’ என்று பெயர், தனியாக 10 லட்சம் பவுண்டைத் தாண்டியது. விற்ற குடும்பத்தார் மேல் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் அவர் இறந்தபோது ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டவர்கள்கூட விலை தெரிந்ததும் பக்கம் பக்கமாகப் பேசினார்கள்.

1975-இல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அந்த ஆக்ஸ்ப்ளட் கிட்டார்தான். பாடகரே இல்லாத அந்த ஆல்பம் அமெரிக்காவில் 4-ஆம் இடம்வரை போனது. அதில் ஊரே உருகிய ‘காஸ் வீ’வ் எண்டெட் ஆஸ் லவர்ஸ்’ துண்டை அவர் வாசித்தது வேறொரு கிட்டாரில்: சீமோர் டங்கன் உடைசல்களை ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொடுத்த ஒரு டெலிகாஸ்டர். அழுதது அந்த மரமா, இந்த மரமா? அந்த விரல்கள் அல்லவா? அதை யார் ஏலத்தில் எடுக்க முடியும்?

இந்தத் தமிழ்க் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஜெஃப் பெக் புதுப் பெயராக இருக்கலாம். அவர் வரலாறு தெரியாவிட்டால் பரவாயில்லை. விருதுக் கணக்கு வேண்டாம், எந்தப் பட்டியலில் எந்த இடம் என்பதும் வேண்டாம். இன்றிரவு வீட்டு வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு ‘வேர் வேர் யூ’வைத் தேடிப் போடுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். இடையில் எதையும் தள்ளிவிடாமல் கடைசிவரை கேளுங்கள். மூன்று நிமிஷம்தான்.