ஹவுஸ்போட்டில் ஒரு இரவு: குறைந்த பட்ஜெட்டில் குடும்பத்துக்கு எந்தப் படகு?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஓடும் கம்பெனி பஸ்களில், தொடர் விடுமுறை நெருங்கும்போது ஒரே பேச்சுதான்: இந்த முறை எங்கே போகலாம்? ஊட்டி என்றால் டிராஃபிக், கொடைக்கானல் என்றால் அதைவிட டிராஃபிக். அப்புறம் யாராவது ஒருவர் போனை நீட்டி ஒரு ரீல்ஸைக் காட்டுவார். தென்னை மரங்களுக்கு நடுவே மெதுவாக நகரும் ஹவுஸ்போட், முன்பக்கத்தில் நாற்காலி, கையில் டீ. இரவு சென்னை சென்ட்ரலில் ஆலப்புழா எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் முற்பகலில் இறங்கிவிடலாம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் செலவும் தாங்கும். அங்கேயே குரூப் தொடங்கிவிடுவார்கள்.

தென்னேரி ஏரி நிரம்பினால் கடல் மாதிரி கிடக்கும், பாலாறு வருடத்தில் பாதிக்கு மேல் மணலாகக் கிடக்கும். இரண்டிலும் படகில் படுத்துத் தூங்கும் வழக்கம் இல்லை. முட்டுக்காட்டு மிதவை உணவகமும் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடும் இடம்தான். அதனால், படகைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கமில்லை. விலையைக் கேட்கிறார்கள், ஏசி உண்டா என்று கேட்கிறார்கள், மீன் குழம்பு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பேரம் முடிந்துவிடுகிறது.

தினமும் ஃபோர்க்லிஃப்ட் எடுக்கும் முன் செக்‌லிஸ்ட்டில் டிக் அடிப்பவர்கள், கிரேனின் லோடு சார்ட்டைப் பார்க்காமல் ஹூக்கைத் தூக்காதவர்கள், ஹெல்மெட் இல்லாமல் லைனுக்குள் விடாதவர்கள் இவர்கள். இந்தப் பழக்கத்தை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போவதுதான் சிக்கல்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

2023 மே 7, ஞாயிறு மாலை. மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பாதிப் பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி சுற்றுலாவுக்கு விட்டிருந்ததும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதும், இருட்டும் நேரத்தில் கிளம்பியதும் பின்னர் பேசப்பட்டன. நீதிபதி வி.கே.மோகனன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்ததில் 45 பேர் பலி. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், விடுமுறைக்குச் சேர்ந்து வந்தவர்கள்.

இவை எதுவும் ஆலப்புழாவின் கெட்டுவள்ளம் வகை ஹவுஸ்போட் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கெட்டுவள்ளம் அகலமானது, மெதுவாகப் போவது, ஒப்பீட்டளவில் நிதானமானது. ஆனால் மூன்று விபத்துகளிலும் ஏறியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்த சாதாரண ஆட்கள். படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கெட்டுவள்ளம் என்பது என்ன?

‘கெட்டு’ என்றால் கட்டு, ‘வள்ளம்’ என்றால் படகு. ஆணி இல்லாமல், அயினிப் பலாப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியது என்பதால் அந்தப் பெயர். குட்டநாட்டு நெல்லையும் மசாலா சரக்கையும் கொச்சி வரை ஏற்றிப் போன வண்டி அது. லாரியும் பாலமும் வந்ததும் வேலை இழந்து கரையில் கிடந்தது. 1990களில் மேலே மூங்கிலும் பாயும் வைத்துக் கூரை கட்டி, உள்ளே படுக்கையறையும் கழிப்பறையும் வைத்து, பின்னால் மோட்டாரைப் பொருத்தி, சுற்றுலாப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தார்கள்.

காஷ்மீரில் தால் ஏரியில் இருப்பதையும் ஹவுஸ்போட் என்றுதான் சொல்கிறார்கள். அது கரையோரம் கட்டிப் போட்ட மிதக்கும் லாட்ஜ், நகராது. ஆலப்புழா படகு நகரும், இன்ஜின் உண்டு, சமையலறையில் கேஸ் சிலிண்டர் உண்டு. அதனால் அதை ஓட்டல் ரூம் போலப் பார்க்காமல் வண்டியாகப் பார்ப்பதே சரி. வண்டி என்றால் ஆர்.சி, எஃப்.சி, டிரைவர் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வரும் அல்லவா?

படகுக்கும் அதே நான்கு உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இன்ஜின் வைத்த படகுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதி. இப்போது ஒரு மாநிலம் தரும் சான்று நாடு முழுக்கச் செல்லும். குடும்பத்துக்கு இதில் முக்கியமான தாள் ஆய்வுச் சான்றுதான். பயணிகள் எத்தனை பேர், உயிர்காக்கும் சாதனங்கள் எத்தனை என்பதெல்லாம் அதை ஒட்டித்தான். லாரிக்கு எஃப்.சி எப்படியோ, அப்படி.

முன்பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் மூன்றே விஷயம் கேட்டால் போதும்: படகின் பெயர், பதிவு எண், ஆய்வுச் சான்றின் போட்டோ. சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு இதை அனுப்ப 2 நிமிடம் போதும். "அதெல்லாம் ஓனர்கிட்ட இருக்கு சார், நீங்க வாங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான்.

மேல்தளம்: போட்டோவுக்கு அழகு, படகுக்குச் சுமை

இப்போதெல்லாம் இரண்டடுக்கு ஹவுஸ்போட்டுக்குத்தான் மவுசு. மேலே திறந்த தளம், சூரியன் மறைவது, குரூப் போட்டோ. இதில் உள்ள கணக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு உடனே புரியும். ஃபோர்க்கில் லோடு தரையோடு இருக்கும்போது வண்டி நிதானமாகத் திரும்பும். அதே லோடை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் கவிழும். எடை மாறவில்லை, எடை இருக்கும் உயரம்தான் மாறியது.

படகிலும் அப்படித்தான். கீழ்த்தளத்தில் 12 பேர் உட்கார்ந்திருப்பதும், அதே 12 பேர் மேல்தளத்தில் ஒரே கைப்பிடியை ஒட்டி நிற்பதும் ஒன்றல்ல. தேக்கடியில் கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதால் படகு சாய்ந்தது என்றுதான் அப்போது சொல்லப்பட்டது. எனவே குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு ஒற்றைத் தளப் படகே மேல்; வாடகையும் அதற்குத்தான் குறைவு. இரண்டடுக்குதான் வேண்டும் என்றால், மேலே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று சாரங்கிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

தலைக்கணக்கில் இன்னொரு ஓட்டை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் இல்லை என்பதால் பேச்சிலும் அவர்கள் விழுவதில்லை. "பெரியவங்க எட்டு பேர் சார்" என்று சொல்லி புக் பண்ணிவிட்டு, கூடவே 5 குழந்தைகளோடு ஏறுவார்கள். படகைப் பொறுத்தவரை அது 13 பேர். லைஃப் ஜாக்கெட்டும் 13 வேண்டும், அதில் 5 குழந்தைகள் சைஸில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். பல படகுகளில் ஜாக்கெட்டுகள் கூரைக்குக் கீழே அலங்காரம் போலக் கட்டித் தொங்கும், இல்லாவிட்டால் பெஞ்சுக்கு அடியில் பூட்டிக் கிடக்கும். ஏறியதும் இறக்கி, ஆளுக்கு ஒன்று போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பிபிஇ போடாமல் ஷாப் ஃப்ளோருக்குள் ஒரு நாளும் போகாதவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

தீயும் மறக்கக் கூடாதது. மரம், மூங்கில், பாய், சிலிண்டர், ஜெனரேட்டர், வயரிங் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 2020 ஜனவரியில் வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவுக்கு அருகே ஒரு ஹவுஸ்போட் தீப்பிடித்து எரிந்தது. அதில் இருந்த சுற்றுலாப் பயணிகள் காப்பாற்றப்பட்டார்கள். தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது, அதன் முள் பச்சையில் நிற்கிறதா, படுக்கையறையிலிருந்து வெளியே வர எத்தனை வழி என்று பார்ப்பது 5 நிமிட வேலை.

பணம் எங்கே போகிறது?

டீலக்ஸ், பிரீமியம், லக்சுரி என்று படகுக்காரர்கள் பிரித்துச் சொல்வதன் அர்த்தம் பெரும்பாலும் ஏசி நேரம்தான். டீலக்ஸில் ஏசி இரவு 9 மணி வாக்கில் போட்டு காலை 6 மணிக்கு நிறுத்துவார்கள். பிரீமியத்தில் பகலிலும் படுக்கையறை ஏசி ஓடும். லக்சுரியில் ஹாலுக்கும் சேர்த்து. பகலில் யாரும் அறைக்குள் படுத்திருக்கப் போவதில்லை என்பதால், டிசம்பர், ஜனவரியில் போகும் குடும்பம் பிரீமியத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். ஏப்ரல், மே புழுக்கத்தில் கைக்குழந்தை இருந்தால் கதை வேறு.

இன்னொரு விஷயம் பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. மதியம் 12 மணி வாக்கில் ஏறினால், மாலை 5.30க்கெல்லாம் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். மறுநாள் காலை சின்னதாக ஒரு சுற்று, 9 மணிக்கு இறக்கி விடுவார்கள். ஆக, 21 மணி நேரத்தில் படகு ஓடுவது 5, 6 மணி நேரம்தான். பெரிய படகு குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையவும் முடியாது. ரீல்ஸில் வரும் அந்த ஒடுங்கிய வாய்க்காலைப் பார்க்க ஷிகாரா என்கிற சின்னப் படகுக்குத் தனியாகக் காசு. நடுவில் மீன் கடை ஒன்றில் நிறுத்துவார்கள். கரிமீனும் இறாலும் அங்கே வாங்கினால் மீனுக்கு ஒரு விலை, சமைத்துத் தர ஒரு விலை. பேக்கேஜ் சாப்பாட்டிலேயே மீன் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொண்டால் இந்தச் செலவு மிச்சம்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வாடகை உச்சத்தில் இருக்கும், ஆகஸ்டில் நேரு டிராபி படகுப் போட்டியை ஒட்டியும் ஏறும். ஜூன், ஜூலை மழையில் நன்றாகக் குறையும். ஆனால் காற்று மழை பலமானால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்தச் சொல்லிவிடும். அப்போது முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் மழைக்கால ஆஃபரில் பணம் கட்டக் கூடாது.

கழிவுநீரும் கேட்க வேண்டியதுதான். வேம்பநாடு 2002 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஈரநிலம். அதே தண்ணீரில்தான் குட்டநாட்டு ஜனங்கள் துணி துவைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். கேரள சுற்றுலாத் துறையின் ‘கோல்டு ஸ்டார்’, ‘சில்வர் ஸ்டார்’ தரச் சான்றோடு, சுற்றுச்சூழலுக்கு ‘கிரீன் பாம்’ என்ற சான்றும் உண்டு. இது இருக்கும் படகு சற்றே விலை கூடுதலாக இருந்தாலும், மற்ற தாள்களும் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

போட்டோவில் ஒரு படகு, ஜெட்டியில் வேறு படகு

இதுதான் அதிகம் வரும் புகார். "அந்த போட் சர்வீஸுக்குப் போயிருக்கு சேட்டா, இதும் அதே மாதிரிதான்" என்பார்கள். லக்கேஜோடும் பிள்ளைகளோடும் வெயிலில் நிற்கும் குடும்பம் சரியென்று ஏறிவிடும். ஏற்கெனவே வாங்கி வைத்த பதிவு எண் இங்கேதான் உதவும். எண் மாறியிருந்தால் புதிய படகின் சான்றைக் கேட்கலாம். பயணிகள் எண்ணிக்கை ஒத்து வராவிட்டால் ஏறாமலே திரும்பலாம். மாவட்ட சுற்றுலா மேம்பாட்டுக் குழுவான டிடிபிசியின் கவுண்டர் ஆலப்புழாவில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் கையைப் பிடித்து இழுக்கும் ஏஜென்ட்டைவிட அங்கே போய்க் கேட்பது மேல்.

பட்ஜெட் நிஜமாகவே இறுக்கம் என்றால், படகில் தூங்குவதை விட்டுவிடுவதில் தப்பில்லை. கேரள நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் பயணிகள் படகு ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்குப் போகிறது. சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் சில பத்து ரூபாய்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மார்க்கெட் பைகளோடு பெண்களும் ஏறி இறங்கும் அதே வாய்க்கால், அதே தென்னை மரங்கள். இரவு கரையில் ஒரு ஹோம்ஸ்டேயில் படுத்துக்கொள்ளலாம். ஏசி விடிய விடிய ஓடும்.