ஃபாரம் நிரப்ப ஒரு ஆள்

2023ல் பலராமபுரத்தில் இருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, யூரோப்ல ஆராய்ச்சிக்கு கோடிக்கணக்குல பணம் தாறாங்களாமே? ஒருத்தர் எழுதி வாங்கித் தாறேங்கார். ஃபீஸ் இருபத்தஞ்சாயிரம். கட்டட்டா?"

அவனுக்கு ஆறு தறி. சாயத்தில் புதுசா ஏதோ செய்து பார்க்க ஆசை. எனக்கு ஃப்ராங்க்ஃபர்ட்டில் வங்கி வேலை என்பதால் என்னிடம் கேட்டான்.

"கட்டாத மக்கா" என்றேன். பணம் இருப்பது உண்மைதான். ஹொரைசான் யூரோப் என்று பெயர். 2021 முதல் 2027 வரை சுமார் 9,550 கோடி யூரோ. ஆனால் தானாக நிதி கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் அப்போது இந்தியா இல்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதே பணத்துக்கு இங்கே ஒரு சின்னப் பட்டறைக்காரர் விண்ணப்பிக்க நினைத்தால், வழிகாட்டவே தேசியத் தொடர்பு மையங்கள் இருக்கின்றன. ஆலோசனைக்குக் காசு கிடையாது. 2008ல் ஆரம்பித்த என்டர்பிரைஸ் யூரோப் நெட்வொர்க் வேறு. பணத்தை ஒதுக்கும்போதே, வழி சொல்ல ஆளையும் ஒதுக்குகிறார்கள்.

நம்மூரில் திட்டத்துக்கா பஞ்சம்? குறு, சிறு நிறுவனங்களிடம் 10 லட்சம் வரை கடனுக்கு ஈடு கேட்காதே என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. 2015ல் முத்ரா. 2020ல் உத்யம் பதிவு, கட்டணமே இல்லை. அந்த இலவசப் பதிவுக்கு இவன் புரோக்கரிடம் ஆயிரத்து ஐநூறு அழுதிருக்கிறான்! மூணு லட்சம் கடன் கேட்டுப் போன இடத்தில் வீட்டுப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். பேசாமல் திரும்பி வந்துவிட்டான்.

அந்த வங்கிக்காரரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இருந்தபோது நானும் அதே நாற்காலியில் உட்கார்ந்து "செக்யூரிட்டி என்ன இருக்கு?" என்று கேட்டவன்தான். சர்க்குலர் என் மேஜை டிராயரிலேயே இருந்தது.

"கேரளா படிச்ச ஊராச்சே, நெட்டில் பார்த்துக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1956ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளாவில் நின்றது. பாறசாலைப் பக்கம் எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம், வங்கி ஃபாரம் இங்கிலீஷ். மூணையும் தாண்டித்தான் கவுண்ட்டருக்குப் போகணும். தொழில் தொடங்குபவர்களுக்கு உதவ 2022ல் கேரள அரசு உள்ளாட்சிகளில் இன்டர்ன்களை வைத்தது நல்ல காரியம். அப்படி ஒருத்தர் இருப்பதே இவனுக்குத் தெரியாது. திட்டத்துக்கு விளம்பரம் உண்டு. உதவுகிற ஆளுக்குக் கிடையாது.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினோம். அந்த ரிசர்வ் வங்கி உத்தரவையும் பின் பண்ணிக் கொடுக்கச் சொன்னேன். மூணாவது மாசம் கடன் வந்தது. பத்திரம் சித்தி பெட்டியிலேயே இருக்கிறது.

லீவுக்கு ஊருக்குப் போகிற நாம் சாக்லேட்டும் சென்ட்டும் சுமக்கிறோம், "இந்தியா உருப்படாது" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். நம்மில் பாதிப்பேருக்கு ஃபாரம் நிரப்புவதுதான் சார் பிழைப்பே! அடுத்த தடவை ஒரு சாயந்திரம், தறியோ பட்டறையோ வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்காருங்கள். அந்த இடத்தை நாம் காலியாக விட்டால் புரோக்கர் வந்து உட்காருவார்.