உத்தியோகமும் ஆயத்தமும்

'உத்தியோகம் புருஷலட்சணம்' என்னும் பழமொழியை நம்மவர் போற்றிய அளவுக்குப் பிறிதொன்றைப் போற்றினாரல்லர். ஆயினும், அவ்வுத்தியோகத்துக்கு ஆயத்தஞ் செய்யும் முறைபற்றி நாம் சிந்தித்தது சிறிதே. உயர்தரப் பரீட்சை முடியட்டும், பட்டம் கிடைக்கட்டும், பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகளும் பெற்றோரும் இருந்துவிடுகின்றனர். 2017ஆம் ஆண்டிலே வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காக அமர்ந்திருந்த காட்சி நம் நெஞ்சைச் சுட்டது. அவர்தம் குறை கேட்டல் அரசின் கடனே. எனினும், காத்திருத்தலையே ஆயத்தமாகக் கொள்ளும் வழக்கத்தை அடுத்த தலைமுறைக்கு நாம் கையளித்தல் தகாது.

மாணாக்கர் செய்யத்தக்கன யாவை? முதலாவது, வர்த்தமானியை வாசிக்கும் பழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அதிலே அரச சேவைப் போட்டிப் பரீட்சைகளின் அறிவித்தல்கள் இடம்பெறுகின்றன. வயதெல்லை, தகைமை, மொழிமூலம், முடிவுத் திகதி ஆகியவற்றை ஊன்றி வாசியாது, அயலவர் வாய்ச்சொல்லை நம்பி விண்ணப்பிப்போர் பலர். கையொப்பமிட மறந்தமையால் ஒரு விண்ணப்பம் தள்ளப்படுமாயின், பதின்மூன்றாண்டுக் கல்வியும் வாயிலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, நுண்ணறிவும் பொது அறிவும். இவை பரீட்சைக்கு முந்திய மாதத்தில் மனனஞ் செய்யத்தக்கன அல்ல. நாடோறும் பத்திரிகை வாசிப்போனும், மாணவர் மன்றத்திலே எழுந்து பேசிப் பழகியோனும் நேர்முகப் பரீட்சையில் நாத்தடுமாறான்.

மூன்றாவதைச் சொல்லத் தயங்குவோர் உளர். தமிழாசிரியராகிய நாமே அதனைச் சொல்லுதல் பொருந்தும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு சிங்களமும் கற்றல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் நம் மூத்தோர்க்கு இழைத்த இடரை மறந்து இதனைக் கூறுகின்றோமல்லோம். அத்திணிப்பை எதிர்த்தமை நீதியே. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஏட்டிலுள்ள அவ்வுரிமை அலுவலக மேசையிலே வழக்காக வேண்டுமாயின், இருமொழியும் அறிந்த தமிழர் அம்மேசையருகே இருத்தல் வேண்டும். தமிழிலே மனுக் கொடுத்த மூதாட்டிக்குச் சிங்களத்திலே மறுமொழி வந்தால், அதனைத் திருத்துவார் வேறு யாவர்? 2007ஆம் ஆண்டு முதல் அரச சேவையிற் புதிதாய்ச் சேருவோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறுதல் வேண்டுமென்னும் விதியும் உண்டு. ஆதலின், சிங்களங் கற்றல் தமிழைக் கைவிடுதலன்று. தமிழுக்குக் காவல் நிற்றலேயாம்.

நான்காவது, அரச உத்தியோகமொன்றே உத்தியோகம் என்னும் மயக்கத்தை ஒழித்தல். தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளையுடையது. அதன் ஏழாம் படி பட்டத்துக்கு நிகரானது. மின்வேலை கற்கப் போகும் மாணவனைத் தோற்றவன் என்று நோக்கும் பார்வை முதலில் ஆசிரியராகிய நம்மிடத்திலேயே மாறவேண்டும்.

இனி, பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கட்டடமும் நிதியும் தந்தீர்கள், நன்றி. வங்கியிலும் வைத்தியசாலையிலும் கந்தோரிலும் கடமை புரியும் நீங்கள், கிரிக்கெட் போட்டிக்கு வருவதுபோல, தவணைக்கொரு சனிக்கிழமை மேல்வகுப்பு மாணவர் முன் வந்தமருங்கள். நேர்முகப் பரீட்சை நடத்துவார்போல் அவரை வினவுங்கள். விண்ணப்பம் எழுதுவித்துத் திருத்துங்கள். பணம் படைத்தோன் பிள்ளைக்கு வழிகாட்ட உறவினர் பலர் உளர். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இக்கல்லூரியையன்றி வேறு உறவில்லை. அப்பிள்ளைக்கு உறவாய் நிற்பதே இவ்விழாவாண்டில் நாம் ஏற்கத்தக்க விரதமாகும்.