முதியோர் பேணலுக்கு ஓர் அளவுகோல்

இளைஞர் பயிலும் கல்லூரியின் மலரில் முதுமையைப் பற்றிய கட்டுரை எற்றுக்கு என்று வினவுவார் உளராகலாம். ஆயினும், இம்மலரைக் கையிலேந்தும் மாணவருள் பாட்டன் பாட்டியரை வீட்டில் விட்டு விடுதிக்கு வந்தோர் பலர். ஆசிரியருள் தாய் தந்தையரை அயலார் கையில் ஒப்புவித்து வகுப்பிற்கு வருவோர் சிலர். பழைய மாணவரோ, கடல் கடந்த ஊர்களில் அமர்ந்து, பெற்றோர் முகத்தைக் கைப்பேசித் திரையில் மட்டும் கண்டு மனந்தேறுவோர் பற்பலர். ஆதலின், முதியோரை அவர்தம் வீட்டிலேயே வைத்துப் பேணும் கூலிப் பணியைப் பற்றியும், அப்பணிக்கு வேண்டிய தரத்தையும் பாதுகாப்பையும் பற்றியும் யாம் கருதுவன சில ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

முற்காலத்தில் வீடு நிறைய மக்கள் இருந்தனர். திண்ணையிற் கிடந்த கிழவர் இருமினால் தண்ணீர் கொடுக்க நான்கு கைகள் நீண்டன. இன்று அக்கைகள் குறைந்தன. முதியோர் தொகையோ மிகுந்தது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதை எய்தியோர் நூற்றுக்குப் பதின்மருக்குச் சற்று மேற்பட்டிருந்தனர். அரசாங்க மதிப்பீட்டின்படி அத்தொகை 2021-ல் நூற்றுக்கு 13.6; 2031-ல் 18.2. பிள்ளைகளோ ஒருவர் அல்லது இருவர். அவரும் பிழைப்பை நாடி வெளியூரில் வாழ்வோர். இந்நிலையில் கூலி கொடுத்து ஆள் அமர்த்துதலை அன்பின்மை என்று பழிப்பது அறியாமையே. பழிக்கத்தக்கது வேறொன்றுளது. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம்.

எமக்கு நெருங்கிய குடும்பமொன்றில் எண்பது வயது கடந்த அம்மையார் ஒருவர் உளர். பள்ளி ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயும், அண்மையில் தொடங்கிய மறதியும் உடையவர். மக்கள் இருவரும் வெளிநாட்டில் உள்ளனர். பகலுக்கு ஒருத்தியும் இரவுக்கு ஒருத்தியுமாக ஓர் ஏஜென்ஸியார் இரு பெண்களை அனுப்பினர். இருவரும் நல்லவர், "பாட்டி, பாட்டி" என்று அழைத்து அன்பாகவே நடந்துகொண்டனர். ஒருநாள் மாலை, பகற்பெண் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்வியுற்று விரைந்து செல்ல வேண்டியவளானாள். இரவுணவுக்கு முன் போடவேண்டிய இன்ஸுலின் ஊசியைத் தானே போட்டு, சிறிது இட்டலியும் ஊட்டிவிட்டுச் சென்றாள். பின்னர் வந்தவள், "ஊசி போட்டாயிற்றா, பாட்டி?" என்று வினவ, அம்மையார், "இல்லையே, அம்மா" என்றார். ஊசி மறுமுறையும் போடப்பட்டது.

நள்ளிரவில் அம்மையார் உடல் முழுதும் வியர்த்து, அழைத்தாற் பேசாது கிடந்தார். அப்பெண் அஞ்சி அடுத்த வீட்டாரை எழுப்பினாள். அவருள் ஒருவர் மருத்துவமனையிற் பணி செய்தவராதலின், குருதியிற் சர்க்கரை வீழ்ந்ததைச் சோதித்தறிந்து 108 ஆம்புலன்ஸை வரவழைத்தார். அம்மையார் பிழைத்தார். மறுநாள் ஏஜென்ஸியார் கூறிய சமாதானம், "அந்தப் பெண்ணை மாற்றிவிட்டோம்" என்பதே. மக்களும் அதனால் அமைதியுற்றனர். யாமோ அமைதி பெற்றிலேம்.

அவ்வீட்டிற் பொருளுக்குக் குறைவில்லை, அன்பிற்கும் குறைவில்லை. இல்லாதிருந்தது ஒரு நோட்டுப் புத்தகமே. "மாலை ஏழு மணி, ஊசி போடப்பட்டது" என்று ஒரு வரி எழுதுவதும், அவ்வரியைப் படித்த பின்னரே மருந்தைத் தொடுவதும் வழக்கமாயிருந்தால், அவ்விரவு வேறு இரவுகளைப் போலவே கழிந்திருக்கும். ஆளை மாற்றியதால் அக்குறை மாறிற்றோ? அன்பு வேறு, தரம் வேறு. அன்புடையார் சோர்ந்த நாளிலும், அவசரமுற்ற நாளிலும், முதியவரைக் காத்து நிற்பது யாதோ அதுவே தரம். அன்பை நம்பித் தரத்தைக் கைவிடுதலே யாம் பழிக்கும் குறை.

அத்தரம் பெரும்பொருள் செலவழித்துப் பெறற்பாலதன்று. வருபவர் யாவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெள்ளை அங்கி அணிந்தாரை யெல்லாம் "நர்ஸம்மா" என்று அழைப்பது நம் வழக்கம். மூன்றாண்டோ நான்காண்டோ பயின்று பதிவு பெற்ற நர்ஸ் வேறு; சில வாரமே பழகிய உதவியாள் வேறு. எவர் ஊசி போடலாம், எவர் போடலாகாது என்பதை எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். மருந்துகளின் பட்டியல் சுவரில் தொங்கவேண்டும். படுக்கையிற் கிடப்பாரை இரண்டு மணிக்கொரு முறையேனும் புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். அன்றேல் படுக்கைப் புண் தோன்றும். உணவைப் படுத்தவாறு ஊட்டாமல் நிமிர்ந்திருக்கச் செய்து ஊட்டல் வேண்டும். அன்றேல் அது மூச்சுக்குழலிற் செல்லும். குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடியும் வேண்டும். குளிப்பாட்டும்போது கதவைச் சாத்துதலும், தொடுமுன் "தொடலாமா" என்று கேட்டலும் வேண்டும். நினைவு மங்கினார்க்கும் நாணம் மங்குவதில்லை. குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் முதல் நாளே தெரிந்திருத்தல் வேண்டும்.

நிற்க, சட்டம் இதற்கு என் செய்தது என்று பார்ப்போம். நர்ஸுகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் பதிவேடு வேண்டுமென்று சென்னை மாகாணத்தில் 1926-லேயே சட்டம் செய்தனர். வீட்டிற்கு வரும் உதவியாளருட் பெரும்பாலாரோ இன்றும் எப்பதிவேட்டிலும் இலர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-ல் இயற்றப்பட்டது. அது பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற வழிகாட்டிற்று. வீட்டுப் பணியின் தரத்தைப் பேசவில்லை. அச்சட்டத்தைத் திருத்தி, இத்தகைய ஏஜென்ஸிகள் பதிவு செய்துகொள்ளவும் குறைந்த அளவுத் தரத்தைக் கைக்கொள்ளவும் வேண்டுமென்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொணரப்பட்டது. அது நிறைவேறாமலே, 2024-ல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. முதியோர் தம் குறைகளைக் கூற 14567 என்னும் தொலைபேசி எண் ஏற்பட்டமை நன்றே. ஆயின், அளவுகோல் ஏற்படாதவிடத்து முறையீட்டை எதைக்கொண்டு அளப்பது?

இங்கிலாந்தில் 2009 முதல் ஓர் ஆணையம் இப்பணியை மேற்பார்வையிடுகின்றது. முதியோர்க்கு உடம்புப் பணி செய்ய வீட்டிற்கு ஆள் அனுப்பும் ஸ்தாபனம் அதனிடம் பதிவு பெறல் வேண்டும். ஆணையத்தார் சோதித்து, நான்கு தரங்களுள் ஒன்றை அளித்து, அறிக்கையை எவரும் படிக்குமாறு வெளியிடுகின்றனர். அவ்வாணையமே சோதனையிற் பின்தங்கிப் பல இடங்களைப் பன்னாள் பாராது விட்டதென்று 2024-ல் வெளிவந்த ஆய்வறிக்கை இடித்துரைத்தது. ஆகவே ஏட்டில் எழுதிய விதி மட்டும் போதாது. சென்று பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பது பெறப்படும்.

இங்கே ஒரு தடை நிகழும். "விதிகள் பெருகினாற் கூலி உயரும், எளியோர் ஆள் வைக்க இயலாது, அதிகாரிகள் அகத்தினுள் நுழைவர்" என்பர். இத்தடை புறக்கணிக்கற்பாலதன்று. ஆதலின், ஏஜென்ஸியின் கணக்கையும் பயிற்சியையுமே அரசாங்கம் சோதிக்க. வீட்டினுள் முதியவர் இசைந்தாலன்றி எவரும் புகாதொழிக. எளியோர் வீடுகட்கு அரசாங்கமே ஆள் அனுப்புதல் இயலாததன்று. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடுதேடிச் செல்கின்றன. மாத்திரை செல்லும் வழியிற் பேணும் கையும் செல்லலாமன்றோ?

இன்னும் ஒன்று கூறியமைவோம். தரம் என்பது முதியவர்க்கு மட்டும் உரியதன்று. பணி செய்வாளுக்கும் உரியது. இருபத்துநான்கு மணிநேரம் ஓய்வின்றி ஒருத்தியை இருத்திவிட்டு, அவள் விழிப்பாயிருக்கவில்லை என்று சினத்தல் நீதியாகாது. தன் குழந்தையின் காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்க அஞ்சுபவள் அவசரத்திற் பிழை செய்வாள். மேலே கூறிய நிகழ்ச்சியின் வேரும் அதுவேயாம். தாயைத் தூக்கி எடுக்கும் கைகளுக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கி வைக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உள. அவ்வீட்டார் தரத்தைப் பற்றி எந்த ஏஜென்ஸியைக் கேட்கும் உரிமை உடையர்?

மாணவ நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒன்று செய்க. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிப் பாட்டியின் தலைமாட்டில் வைத்து, முதற் பக்கத்தில் மருந்துகளின் பெயரை நும் கையாலேயே எழுதுக. எழுதியபின், பணி செய்யும் அக்காளை அருகிருத்தி, "நீங்கள் எப்போது உண்பீர்கள், எப்போது உறங்குவீர்கள்?" என்று கேட்டு, அதனையும் அடுத்த பக்கத்திற் குறித்து வைக்க. சட்டம் வரும் நாளில் வருக. அதுவரை அவ்விரண்டு பக்கங்களும் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.